அமெரிக்கர்கள் எத்தனை முறை துரித உணவு சாப்பிடுகிறார்கள்? அரை நூற்றாண்டு ஏற்ற இறக்கம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் தேசிய சுகாதாரப் புள்ளிவிவர மையம் 2025இல் ஒரு சிறிய அறிக்கையை வெளியிட்டது. 2021 ஆகஸ்ட் முதல் 2023 ஆகஸ்ட் வரை எடுத்த கணக்கின்படி, 20 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஒரு நாளில் உட்கொள்ளும் கலோரியில் சராசரியாக 11.7% துரித உணவிலிருந்து வருகிறது. 2013-14இல் இதே அளவு 14.1%. பத்து ஆண்டுகளுக்குள் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. பர்கரை உலகம் முழுவதும் கொண்டுபோய் விற்ற நாட்டில் இப்படி ஓர் எண் வந்தால், ‘சரி, ஜனங்களுக்குப் புத்தி வந்துவிட்டது’ என்றுதான் முதலில் தோன்றும்.

அந்த முடிவுக்கு வருமுன் பழைய அறிக்கைகளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதே மையத்தின் கணக்கில் 2003-06இல் இந்தப் பங்கு 12.8%. 2007-10இல் 11.3%. அதாவது ஒரு முறை ஏற்கெனவே இறங்கி, பிறகு 14.1% வரை ஏறி, இப்போது மறுபடியும் இறங்கியிருக்கிறது. முதல் இறக்கம் நிலைக்கவில்லை. அப்படியிருக்க, இரண்டாவது இறக்கத்தை ஒரு திருப்புமுனையாக எடுத்துக்கொள்ள என்ன காரணம் இருக்கிறது?

இந்த ஆய்வில் நான் எடுத்துக்கொண்டது அமெரிக்கா என்ற ஒரே நாட்டை. நீண்ட காலமாக, ஏறத்தாழ ஒரே முறையில், யாரிடம் என்ன கேட்டோம் என்று பதிவு செய்துவைத்திருக்கும் நாடு அது என்பதுதான் காரணம். நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மக்கள் எத்தனை முறை துரித உணவுக் கடைக்குப் போகிறார்கள் என்பது, அந்த உணவைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அவ்வளவாக மாறவில்லை. ஒரு நாளின் எந்தெந்த வேளைகள் அந்தக் கடைக்குத் திறந்துவிடப்பட்டன, அந்த வேளையில் ஆள் எங்கே இருந்தார், கையில் எவ்வளவு காசு இருந்தது, இவற்றைப் பொறுத்தே மாறியிருக்கிறது.

எதை எண்ணுகிறார்கள்

முதலில் அளவுகோலைப் பார்ப்போம். இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

‘எத்தனை முறை’ என்று கேட்பதற்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, நேரடியாகவே கேட்டுவிடுவது. கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனம் 2013இல் அப்படிக் கேட்டது. ஏறத்தாழ பாதிப் பேர் வாரம் ஒரு முறையாவது போவதாகச் சொன்னார்கள். மாதம் ஒரு முறையாவது போகிறவர்களையும் சேர்த்தால் பத்தில் எட்டுப் பேர். போவதே இல்லை என்றவர்கள் 4% மட்டுமே. இதே கருத்துக்கணிப்பில் முக்கால்வாசிப் பேர் அந்த உணவு உடம்புக்கு நல்லதில்லை என்றும் சொன்னார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டாவது வழி, நேற்று ஒரு நாளை மட்டும் கேட்பது. புள்ளிவிவர மையம் நடத்தும் தேசிய உடல்நல, ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு இப்படித்தான் நடக்கிறது. 1999 முதல் இடைவிடாமல் நடந்துவந்த இந்தக் கணக்கெடுப்பில் ஆண்டுக்குச் சுமார் 5,000 பேர் கலந்துகொள்வார்கள். பரிசோதனைக் கூடமாக மாற்றப்பட்ட பெரிய டிரெய்லர் வண்டிகள் ஊர் ஊராகப் போகும். ரத்தம், எடை, உயரம் எல்லாம் பார்த்த பிறகு, நேற்று நள்ளிரவு தொடங்கி அடுத்த நள்ளிரவு வரை வாயில் போட்ட எல்லாவற்றையும் ஒருவர் உட்கார்ந்து கேட்பார். ஒரே கேள்வியோடு விடமாட்டார்கள். முதலில் பட்டியல், அப்புறம் மறந்துபோனவை, அப்புறம் நேரம், அப்புறம் அளவு என்று பல சுற்றுகளாகக் கேட்பார்கள். ஒவ்வொரு பண்டத்துக்கும் அதை எங்கே வாங்கினீர்கள் என்ற கேள்வியும் உண்டு. துரித உணவுக் கடை அல்லது பீட்சா கடை என்று பதில் வந்தால் அது துரித உணவு. ஆகவே வீட்டில் செய்த பர்கர் இந்தக் கணக்கில் வராது. பர்கர் கடையில் வாங்கிய சாலட் வரும். உணவின் தன்மையை விட்டுவிட்டு, வாங்கிய இடத்தை மட்டும் வைத்துப் போடப்படும் கணக்கு இது. என்னைக் கேட்டால், பழக்கத்தை ஆராய்கிறவருக்கு இதுதான் வசதி. ஊட்டச்சத்தை ஆராய்கிறவருக்கு எரிச்சலாக இருக்கும்.

இந்த முறையில் 2013-16இல் கிடைத்த எண் 36.6%. ஏதாவது ஒரு நாளை எடுத்துக்கொண்டால், பெரியவர்களில் அத்தனை பேர் துரித உணவு சாப்பிட்டிருந்தார்கள். ஏழால் பெருக்கிப் பார்த்தால் சராசரியாக வாரத்தில் இரண்டரை நாள். கேலப் கணக்கில் ஏறத்தாழ பாதிப் பேர்தான் வாரம் ஒரு முறையாவது போகிறவர்கள். இரண்டும் நேருக்கு நேர் பொருந்தவில்லை. இதில் வியப்பு இல்லை. நேற்று என்ன சாப்பிட்டோம் என்பது ஓரளவு நினைவில் இருக்கும். ‘வழக்கமாக எத்தனை முறை’ என்று கேட்டால் நாம் எப்படிப்பட்டவராக இருக்க ஆசைப்படுகிறோமோ அந்த ஆளின் பதிலைத்தான் சொல்வோம். அது மட்டுமல்ல, காரில் போகிறபோது வாங்கிய ஒரு காபியும் பிஸ்கட்டும் ‘துரித உணவு சாப்பிட்டேன்’ என்ற நினைப்பையே தராது. கணக்கெடுப்பவர் பண்டம் பண்டமாகக் கேட்டால்தான் அது வெளியே வரும்.

மூன்றாவது அளவுகோல் கலோரிப் பங்கு. தொடக்கத்தில் சொன்ன 14.1%, 11.7% எல்லாம் இந்த வகை. இது தடவைகளை நேரடியாக எண்ணுவதில்லை. போகிற தடவை மாறாமலே, வாங்குகிற அளவு குறைந்தாலும் இது குறையும். நல்ல வேளையாக, 2 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்குத் தடவையைக் காட்டும் எண்ணும் இருக்கிறது. 2015-18இல் ஏதாவது ஒரு நாளில் துரித உணவு சாப்பிட்டவர்கள் 36.3%. 2021-23இல் சுமார் 30%. ஆகவே இறக்கம் தட்டின் அளவில் மட்டும் நடந்ததல்ல. தடவையும் குறைந்திருக்கிறது.

வேளைகள் ஒவ்வொன்றாகக் கைமாறிய விதம்

ஏற்றம் எப்படி வந்தது என்பதற்கு எல்லோரும் சொல்லும் பதில் ருசி, விளம்பரம், மலிவு. மூன்றும் உண்மைதான். ஆனால் மலிவு 1921லேயே இருந்தது. அந்த ஆண்டு கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் தொடங்கிய ஒயிட் காசில் கடையில் ஒரு பர்கர் 5 சென்ட். 1948இல் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் மெக்டொனால்டு சகோதரர்கள் தங்கள் கடையைச் சில மாதங்கள் மூடிவைத்தார்கள். கார் வரை தட்டேந்தி வரும் பணிப்பெண்களை நிறுத்தினார்கள். இருபத்தைந்து பண்டங்கள் இருந்த பட்டியலை ஒன்பதாகச் சுருக்கினார்கள். பீங்கான் தட்டும் முள்கரண்டியும் போய்க் காகிதம் வந்தது. பர்கர் விலை 15 சென்ட். சமையலறையைத் தொழிற்சாலை வரிசையாக மாற்றிய அந்த ஏற்பாடுதான் இன்றைக்கும் எல்லாக் கடைகளுக்கும் அடிப்படை. 1955 ஏப்ரலில், சகோதரர்களிடம் கிளை நடத்தும் உரிமை பெற்ற ரே கிராக் இல்லினாய் மாநிலத்தின் டெஸ் பிளெயின்ஸில் தன் முதல் மெக்டொனால்டு கிளையைத் திறந்தார். அடுத்த ஆண்டு மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைச் சட்டம் நிறைவேறியது. சாலை வந்தது, சாலையோரத்தில் கடை வந்தது.

இத்தனைக்குப் பிறகும் அது எப்போதாவது போகிற இடமாகத்தான் இருந்தது. மதியச் சாப்பாடு, அல்லது வார இறுதியில் பிள்ளைகளோடு ஒரு வெளியூர்ப் பயணம். 1977-78இல் எடுத்த உணவுக் கணக்கெடுப்பில், வீட்டுக்கு வெளியே வாங்கும் உணவு எல்லாவற்றையும் சேர்த்தே, துரித உணவு, பெரிய உணவகம், பள்ளிக்கூடச் சாப்பாடு உட்பட, மொத்தக் கலோரியில் 18%தான். 1994-96இல் அது 32% ஆகிவிட்டது. இருபது ஆண்டுக்குள் இப்படித் தாவியதற்குக் காரணம், பர்கர் அதற்கு முன்னால் இருந்ததைவிட ருசியாகிவிட்டது என்பதல்ல. மதியம் என்ற ஒரு வேளையைத் தாண்டி மற்ற வேளைகளும் கடையின் பக்கம் வந்ததுதான்.

காலை வேளையைப் பாருங்கள். 1970களின் தொடக்கத்தில் சாந்தா பார்பராவில் மெக்டொனால்டு கிளை நடத்திய ஹெர்ப் பீட்டர்சன், முட்டையையும் இறைச்சித் துண்டையும் ஆங்கில மஃபின் என்ற வட்ட ரொட்டிக்கு நடுவில் வைத்து ஒரு பண்டம் செய்தார். கையில் பிடித்துச் சாப்பிடலாம், தட்டு வேண்டாம், ஸ்பூன் வேண்டாம், மறு கையில் ஸ்டீயரிங் இருக்கலாம். அது எக் மெக்மஃபின். அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் காலை உணவுப் பட்டியலே நாடு முழுவதும் வந்துவிட்டது. அதற்கு முன்பு பகல் பதினொரு மணி வரை மூடிக் கிடந்த அடுப்பு, அதே வாடகையில் இன்னும் நான்கு மணி நேரம் எரியத் தொடங்கியது. வியாபாரி பக்கத்திலிருந்து பார்த்தால் இதைவிட லாபமான கண்டுபிடிப்பு கிடையாது. உண்பவர் பக்கத்திலிருந்து பார்த்தால், ஒரே நாளில் இன்னொரு தடவை போக வழி பிறந்தது.

அடுத்தது கார் ஜன்னல். வண்டியிலிருந்தபடியே வாங்கும் முறை மெக்டொனால்டு கண்டுபிடித்தது அல்ல. கலிபோர்னியாவின் இன்-அண்ட்-அவுட் என்ற பர்கர் கடை 1948லேயே ஒலிபெருக்கி வைத்து ஆர்டர் எடுத்தது. ஜாக் இன் தி பாக்ஸ் என்ற இன்னொரு கடை 1951இல் சான் டியாகோவில் அதையே அடையாளமாக்கிக்கொண்டது. மெக்டொனால்டின் முதல் ஜன்னல் 1975இல் அரிசோனாவின் சியரா விஸ்டாவில் திறந்தது. காரணம் சுவாரசியமானது. பக்கத்தில் ஃபோர்ட் வாச்சூகா ராணுவத் தளம். வேலைச் சீருடையோடு முகாமுக்கு வெளியே வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்று படைவீரர்களுக்குக் கட்டுப்பாடு. இறங்க முடியாத ஆளுக்கு ஜன்னல் வழியே கொடுத்துவிடலாம் என்று சுவரில் ஒரு திறப்பு வைத்தார்கள். இறங்க முடியாதவர்களுக்காக வந்த வசதி, இறங்க மனமில்லாதவர்கள் எல்லோருக்கும் பிடித்துப்போனது. பெருந்தொற்றுக்கு முன்பே பெரிய நிறுவனங்களின் அமெரிக்க விற்பனையில் பாதிக்கு மேல் அந்த ஜன்னல் வழியாகத்தான் நடந்துகொண்டிருந்தது.

பிறகு இரவு. 2006இல் டாக்கோ பெல் என்ற துரித உணவு நிறுவனம் இரவு உணவுக்கும் காலை உணவுக்கும் இடையே ‘நான்காம் வேளை’ என்று ஒன்று இருப்பதாகவே விளம்பரம் செய்தது. மூன்று வேளையில் இடம் தீர்ந்துபோனால் நான்காவதை உண்டாக்கிவிடுவது! 2014இல் அதே நிறுவனம் நாடெங்கும் காலை உணவும் தொடங்கியது. 2015 அக்டோபரில் மெக்டொனால்டு காலை உணவை நாள் முழுவதும் விற்கத் தொடங்கியது. கலோரிப் பங்கு 14.1%ஐ எட்டியதும் ஏறத்தாழ இதே காலகட்டத்தில், 2013-14இல்தான் என்பதைக் கவனிக்கலாம்.

2013-16இல் துரித உணவு சாப்பிட்ட பெரியவர்களிடம் எந்த வேளைக்கு என்று பார்த்தபோது மதியம் 43.7%, இரவு 42.0%, காலை 22.7%, இடைத்தீனி 22.6% என்று வந்தது. கூட்டிப் பார்த்தால் நூறைத் தாண்டும். ஒரே நாளில் ஒரு வேளைக்கு மேல் அங்கிருந்து வாங்கியவர்கள் நிறையப் பேர் என்று அர்த்தம். ‘எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள்’ என்ற கேள்வியிலிருந்து ‘ஒருவரே எத்தனை தடவை’ என்ற கேள்வி பிரிவது இந்த இடத்தில்தான்.

இந்த ஏற்றத்துக்குப் பெண்கள் வேலைக்குப் போனதுதான் காரணம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எண்கள் ஒன்றாகத்தான் நகர்கின்றன. 1950இல் அமெரிக்கப் பெண்களில் மூன்றில் ஒருவர் வேலையிலோ வேலை தேடுவதிலோ இருந்தார். 2000இல் ஐந்தில் மூன்று பேர். ஆனால் அதைக் காரணம் என்று சொல்லும்போது கேள்வியைப் பாதியில் விட்டுவிடுகிறோம். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் சமையல் ஏன் இன்னும் ஒருவர் தலையிலேயே இருந்தது? அந்தப் பங்கீடு மாறாததால் உண்டான இடைவெளியைத்தான் கடைக்காரர் விலைக்கு வாங்கிக்கொண்டார்.

அதிகம் சாப்பிடுவது யார்

துரித உணவு ஏழைகளின் உணவு என்ற படிமம் அமெரிக்காவிலும் வெளியிலும் வலுவாக இருக்கிறது. எண்கள் அதற்கு எதிராகப் பேசுகின்றன. 2013-16இல், ஏதாவது ஒரு நாளில் துரித உணவு சாப்பிட்டவர்கள், குறைந்த வருமானக் குடும்பங்களில் 31.7%, நடுத்தர வருமானத்தில் 36.4%, உயர் வருமானத்தில் 42.0%. வருமானம் ஏற ஏறத் தடவையும் ஏறுகிறது. யோசித்துப் பார்த்தால் இயல்புதான். வேலை இருப்பவருக்குத்தான் மதிய இடைவேளை என்று ஒன்று உண்டு. கார் இருப்பவருக்குத்தான் ஜன்னல் பயன்படும். நேரமின்மை என்பதே ஓரளவு சம்பளம் வாங்குகிறவர்களின் நோய்.

கலோரிப் பங்கில் படம் சற்று வேறு. 2007-10 கணக்கில், மொத்தமாகப் பார்த்தால் வருமானத்தால் பெரிய வேறுபாடு தெரியவில்லை. 20-39 வயதில் மட்டும் வருமானம் கூடக் கூடப் பங்கு குறைந்தது. வசதியுள்ளவர் அடிக்கடி போய்க் கொஞ்சம் வாங்குகிறார், வசதி குறைந்த இளைஞர் போகும்போது அதையே அன்றைய முக்கியச் சாப்பாடாக வைத்துக்கொள்கிறார் என்று இதைப் படிக்கலாம். இது என் வாசிப்புதான்.

வயதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய வேறுபாட்டைக் காட்டுகிறது. 2013-16இல் 20-39 வயதினரில் 44.9%, 40-59இல் 37.7%, 60க்கு மேல் 24.1%. வயதாக ஆகக் குறைகிறது என்று இதைப் படிப்பது எளிது. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த பகுதி இதற்கு அடுத்தது.

2007-10இல் கலோரிப் பங்கை வயதுவாரியாகப் பார்த்தால் 20-39க்கு 15.3%, 40-59க்கு 10.5%, 60க்கு மேல் 6.0%. 2021-23இல் அதே வரிசை 15.2%, 11.9%, 7.6%. இளைஞர்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். நடுவயதினரும் முதியவர்களும் கொஞ்சம் மேலே போயிருக்கிறார்கள். இவை மாதிரிக் கணக்கெடுப்பு எண்கள் என்பதால் ஒரு புள்ளி வேறுபாட்டை வைத்துக் கோட்டை கட்டக் கூடாது. ஆனாலும் திசை கவனத்துக்குரியது. 2010இல் அறுபதைத் தாண்டியிருந்தவர்கள் 1950க்கு முன் பிறந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைப் பருவத்தில் கார் ஜன்னல் பரவலாக இல்லை, எக் மெக்மஃபினும் இல்லை. 2022இல் அறுபதை எட்டியவர் 1962இல் பிறந்தவர். மெக்டொனால்டின் முதல் ஜன்னல் திறந்தபோது அவருக்குப் பதின்மூன்று வயது. வயதானதும் தடவை குறைகிறது, ஆனால் இளமையில் பழகிய அளவைப் பொறுத்துத்தான் குறைகிறது என்று எடுத்துக்கொண்டால் இந்த எண்கள் பொருந்திவருகின்றன. 2013-14ஐ மட்டும் ஒப்பிட்டு ‘இறங்கிவிட்டது’ என்கிற தலைப்பு இதை மறைத்துவிடுகிறது.

தடவை கூடினால் உடம்பில் என்ன

இதை விரிவாகச் சொல்லப் போவதில்லை. ஆனால் தடவையை ஏன் எண்ண வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் தேவை. பர்மிங்காம், சிகாகோ, மினியாபொலிஸ், ஓக்லாந்து ஆகிய நான்கு நகரங்களில் 1985-86இல் 18 முதல் 30 வயது வரை இருந்தவர்களைப் பின்தொடர்ந்த கார்டியா ஆய்வு ஒன்று உண்டு. அதில் 3,031 பேரின் பதினைந்து ஆண்டுத் தரவு 2005இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. தொடக்கத்திலும் முடிவிலும் வாரத்துக்கு ஒரு முறைக்கும் குறைவாகப் போனவர்களோடு ஒப்பிட்டால், இரண்டு முறைக்கு மேல் போனவர்கள் கூடுதலாக 4.5 கிலோ எடை ஏறியிருந்தார்கள். இன்சுலினுக்கு உடல் பணியாத நிலை அவர்களுக்கு இரண்டு மடங்கு வேகத்தில் கூடியிருந்தது. பார்த்துப் பதிவு செய்யும் ஆய்வு என்பதால் காரணம், விளைவு என்று முடிச்சுப் போட்டுவிட முடியாது. ஆனாலும் வாரத்துக்கு ஒன்றா, மூன்றா என்ற வேறுபாடு அற்பமானதல்ல என்று காட்ட இது போதும்.

அறிவுரையும் தடையும் செய்தது

கேலப் கணக்கில் முக்கால்வாசிப் பேர் இது நல்லதில்லை என்று தெரிந்தேதான் போய்க்கொண்டிருந்தார்கள் என்று பார்த்தோம். ஆகவே, தகவல் கொடுத்தால் தடவை குறையும் என்ற நம்பிக்கையில் செய்தவை எப்படிப் போயிருக்கும் என்று ஊகிக்கலாம். நியூயார்க் நகரம் 2008இல், ஒரே பெயரில் பல கிளைகள் நடத்தும் சங்கிலிக் கடைகள் உணவுப் பட்டியலிலேயே கலோரியை எழுத வேண்டும் என்று கட்டாயமாக்கியது. வருமானம் குறைந்த பகுதிகளில் உடனடியாக நடந்த ஓர் ஆய்வில், கலோரி எண்ணைப் பார்த்தோம், அதனால் மாற்றிக்கொண்டோம் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் அவர்களுடைய ரசீதுகளில் வாங்கிய கலோரி குறையவில்லை. 2018 மே மாதம் அதே விதி நாடு முழுவதற்கும் வந்தது.

லாஸ் ஏஞ்சலஸ் நகரம் இன்னொரு வழியைப் பிடித்தது. 2008இல் தெற்கு லாஸ் ஏஞ்சலஸில் தனிக் கட்டடமாக வரும் புதிய துரித உணவுக் கடைகளுக்குத் தடை. 2015இல் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பார்த்தபோது, தடை இருந்த பகுதியிலும் இல்லாத பகுதியிலும் துரித உணவு உண்பது கூடியே இருந்தது. உடற்பருமனும் தடைப் பகுதியில் ஏறியிருந்தது. இதை வைத்துச் சட்டத்தையே கேலி செய்வது நியாயமில்லை. ஏற்கெனவே இருந்த கடைகளை அது தொடவில்லை, வணிக வளாகத்துக்குள் புதிதாக வரும் கடைகளையும் தொடவில்லை. உண்மையில் மாறாத ஒரு தெருவில் பழக்கம் மாறவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு இறக்கங்கள்

2007 டிசம்பர் முதல் 2009 ஜூன் வரை அமெரிக்காவில் பொருளாதார மந்தம். 2009 அக்டோபரில் வேலையின்மை 10%. கலோரிப் பங்கு 11.3%க்கு இறங்கிய 2007-10 காலம் இதுதான். வேலை இல்லாதவருக்கு மதிய இடைவேளை இல்லை, அலுவலகப் பயணம் இல்லை, காசும் இல்லை. வேலை திரும்பியதும் பங்கும் திரும்பியது, முன்பைவிட மேலேயும் போனது.

இரண்டாவது இறக்கத்தில் காரணங்கள் வேறு, ஆனால் இயங்கிய விதம் அதேதான். 2019இல் வீட்டிலிருந்து வேலை செய்தவர்கள் 5.7%. 2021இல் 17.9%. நாடு முழுவதும் கோடிக்கணக்கான காலைப் பயணங்கள் நின்றுபோயின. காலை வேளை அந்தப் பயணத்தின் மேல் நின்ற வியாபாரம். வெண்டீஸ் என்ற பர்கர் நிறுவனம் 2020 மார்ச் 2ஆம் தேதிதான் நாடெங்கும் காலை உணவைத் தொடங்கியிருந்தது. இதைவிட மோசமான முகூர்த்தம் அமைந்திருக்க முடியாது. மெக்டொனால்டு அதே மாதத்தில் நாள் முழுவதும் காலை உணவு என்ற ஏற்பாட்டைக் கைவிட்டது, பிறகு அதைத் திரும்பக் கொண்டுவரவும் இல்லை.

அப்புறம் விலை. 2019க்கும் 2024க்கும் இடையில் தன் பட்டியல் விலைகள் சராசரியாக 40% அளவுக்கு ஏறியிருப்பதாக மெக்டொனால்டின் அமெரிக்கத் தலைவரே 2024 மே மாதம் ஒரு திறந்த கடிதத்தில் எழுதினார். 4.39 டாலராக இருந்த பிக் மேக் பர்கரின் சராசரி விலை 5.29 டாலர் ஆகியிருந்தது. விலை ஏறியபோது முதலில் விலகியவர்கள் வருமானம் குறைந்தவர்கள். 2025இன் முதல் காலாண்டில் அந்த நிறுவனத்தின் அமெரிக்கக் கிளைகளில் ஒப்பீட்டு விற்பனை, அதாவது ஓராண்டுக்கு மேலாக நடக்கும் கடைகளை மட்டும் வைத்துப் பார்க்கும் விற்பனை, 3.6% சரிந்தது. 2020க்குப் பிறகு அதுவே மிகப் பெரிய சரிவு. துரித உணவுத் துறை முழுவதிலுமே குறைந்த வருமான வாடிக்கையாளர்களின் வருகை கிட்டத்தட்ட இரட்டை இலக்கச் சதவீதத்தில் குறைந்ததாக நிறுவனமே சொன்னது. 1948இல் 15 சென்ட் என்று தொடங்கியவர்களுக்கு எண்பது ஆண்டுக்குள் இப்படியொரு அறிக்கை எழுத நேர்ந்திருக்கிறது.

இந்த இரண்டாவது இறக்கத்தை எடைபோடும்போது கணக்கெடுப்பு முறையிலேயே நடந்த ஒரு மாற்றத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2020 மார்ச்சில் களப்பணி நின்றது. 2021 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. ஆகஸ்டிலிருந்து ஆகஸ்ட் வரை என்ற விசித்திரமான கால அளவு வந்தது அதனால்தான். அதற்கு முன்பு உணவுப் பட்டியலை முதல் முறை நேரிலும் இரண்டாம் முறை தொலைபேசியிலும் கேட்பார்கள். இந்தச் சுற்றில் இரண்டும் தொலைபேசியில். கிண்ணங்களையும் டம்ளர்களையும் மேசையில் வைத்து இவ்வளவா, அவ்வளவா என்று கேட்பதும், போனில் கேட்பதும் ஒன்றல்ல. இதனால் இறக்கமே பொய் என்றாகிவிடாது. விற்பனைக் கணக்கும் அதே பக்கம்தான் கைகாட்டுகிறது. ஆனால் 2.4 புள்ளி வேறுபாடு முழுவதையும் பழக்க மாற்றத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது.

கணக்கெடுப்பு 2023 ஆகஸ்டில் முடிந்தது. 2024 ஜூனில் மெக்டொனால்டு 5 டாலர் கூட்டுச் சாப்பாட்டைக் கொண்டுவந்தது, மற்ற நிறுவனங்களும் விலைப் போட்டியில் இறங்கின. அலுவலகங்கள் ஆட்களைத் திரும்பக் கூப்பிடவும் தொடங்கின. இவற்றில் எதுவும் 11.7% என்ற எண்ணுக்குள் இல்லை. அடுத்த சுற்று வரும்போது மொத்தச் சராசரியை எல்லோரும் பார்ப்பார்கள். நான் முதலில் தேடப்போவது இரண்டு வரிகளை: காலை உணவாக வாங்கியவர்கள் எவ்வளவு, 60 வயதைத் தாண்டியவர்களின் பங்கு 7.6%இலிருந்து எந்தப் பக்கம் நகர்ந்தது.